பதினான்கு இடத்தில் எர்சிலியா

ரோம் நகரத்துப் பாழ்கட்டடங்களில் வெந்தூரா குடியேற்றிய ஆட்கள் ஆயிரத்துக்குக் குறைய மாட்டார்கள். ஒருவரும் வாடகை கொடுத்ததில்லை. ஒருவரும் தும்மியதுகூட இல்லை. எல்லாரும் அரை விரல் உயரம். செப்புத் தகட்டில் கீறி, மை தடவி, ஈரத்தாளில் அழுத்தி எடுக்கப்பட்டவர்கள்.

அவன் தொழிலே அதுதான். முதலாளி ஒத்தாவியோவின் அச்சுக்கூடத்தில் பழங்காலத்துக் கட்டடங்களின் படம் போட்டு விற்றார்கள். தூண், வளைவு, உடைந்த சுவர், சுவரில் முளைத்த அத்திச்செடி, இதையெல்லாம் கீறுவது யோஸ் என்கிற வடதேசத்துக்காரன். யோஸுக்குக் கல் வரும், ஆள் வராது. அவன் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்த மனிதர்கள், சாக்குமூட்டைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தார்கள். அதிலிருந்து, அவன் கல்லை முடித்துவிட்டு ஆள் நிற்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, தகட்டை வெந்தூராவின் பலகைக்குத் தள்ளிவிடுவான். வெந்தூரா ஆள் போடுவான். தூணை நோக்கி விரல் நீட்டும் கனவான். ஆடு மேய்க்கிறவன். உடைந்த கல்லில் உட்கார்ந்து, உலகமே முடிந்துவிட்டது போலத் தலையில் கைவைத்திருக்கும் தாடிக்காரன். ஒரு நாய்.

"கல்லுக்காக வாங்குறான்னு நினைச்சுக்காதே" என்பார் முதலாளி. "எம்மாம் பெருசுன்னு வாயைப் பொளக்கத்தான் வாங்குறான். பொளக்க வைக்கிறது உன் ஆளுதான்."

அந்தப் பாராட்டுக்கு வெந்தூரா தன் வழியில் நன்றி செலுத்தி வந்தான். ஒவ்வொரு படத்திலும், ஏதாவது ஒரு சுவருக்குப் பின்னால், கால்சட்டையை இறக்கிவிட்டுக் குத்தவைத்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால் அவருக்கு முதலாளியின் மூக்கு இருக்கும். பதினெட்டு வருஷம் அந்தப் படங்களைத் தன் கையாலேயே விற்றும் முதலாளி அதைக் கண்டுபிடிக்கவில்லை. தன் மூக்கைப் பக்கவாட்டில் பார்த்தவர் உலகத்தில் யார் இருக்கிறார்?

உண்மையில் அந்த இடங்களில் கனவானும் கிடையாது, தாடிக்காரனும் கிடையாது. காஞ்சொறிச் செடியும் பாம்பும் மாட்டுச் சாணமும்தான். வெந்தூரா போய்ப் பார்த்ததே இல்லை. எல்லாரையும் தலைக்குள்ளிருந்தே எடுத்துப் போட்டான். ஒரே ஒருத்தி மட்டும் தலைக்குள்ளிருந்து வந்தவள் அல்ல. இடம் கிடைத்த படத்தில் எல்லாம், இடுப்பில் குடத்தோடோ கையில் அகப்பையோடோ துணிமூட்டையோடோ ஒரு பெண் நிற்பாள். அது எர்சிலியா. அவன் மனைவி. கல்யாணத்துக்கு முந்தின வருஷமே படத்துக்குள் வந்துவிட்டாள். அவளிடம் அவன் சொன்னதில்லை. கேட்டிருந்தால் 'கை பழகிடுச்சு' என்று சொல்லி நழுவியிருப்பான். அவள் கேட்கவில்லை. ஊர்த்துணி வெளுக்கிறவள். படம் பார்க்கிறவள் இல்லை, கறை பார்க்கிறவள்.

அவர்கள் குடியிருந்த இடமும் ஒரு பாழ்கட்டடம்தான். மாட்டுத் திடலுக்குத் தெற்கே, அஞ்சு வளைவு என்று பேர். அந்தக் காலத்து ராஜாக்கள் அதை எதற்குக் கட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. குளிக்கிற இடம் என்றார்கள், தானியக் கிடங்கு என்றார்கள், பங்குச் சாமியார் மட்டும் சாத்தான் கோயில் என்று சொல்லிவிட்டு வாரத்துக்கு ஒருமுறை அங்கேயே வந்து சாப்பிட்டுப் போனார். இரண்டு வளைவு இடிந்து மூடிக் கிடந்தன. மற்ற மூன்றில் மூன்று குடும்பம். நடுவளைவில் வெந்தூராவும் எர்சிலியாவும்.

அவர்கள் அடுப்படியில் ஒரு தூண் நின்றது. பாதி மண்ணுக்குள், மீதி கூரையைத் தாங்கிக்கொண்டு. பல தலைமுறைப் புகை ஏறிக் கன்னங்கரேலென்று இருக்கும். எர்சிலியா அதில் ஆணியடித்துப் பூண்டுச் சரம் தொங்கவிட்டிருந்தாள். புதுப்பெண்ணாக வந்த மாதத்தில், துப்புரவு செய்கிற வேகத்தில் சாம்பல் தண்ணீர் போட்டு உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்துப் பார்த்தாள். கரிக்கு அடியில் பால் மாதிரி வெள்ளை. பளிங்கு. அதைப் பார்த்ததும் அடுப்பிலிருந்து கரியை அள்ளித் தானே திரும்பவும் பூசி மூடினாள்.

"இது வெள்ளைன்னு வெளிய ஒரு வார்த்தை விட்டுராதீங்க" என்றாள். "இது சூளைக்குப் போவும். நாம தெருவுக்குப் போவோம்."

காரணம் இருந்தது. நகரம் முழுக்க மாளிகையும் கோயிலும் எழும்பிக்கொண்டிருந்த காலம். கட்டுவதற்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக்குப் பளிங்கைப் போல வருமா? பழைய தூண், பழைய சிலை, மூக்குடைந்த சாமி, மூக்குடையாத சாமி, எது கிடைத்தாலும் உடைத்து மூன்று நாள் எரித்தால் வெள்ளைப் பொடி. மாட்டுத் திடலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சூளை புகைந்தது. காற்று மாறி அடித்தால் எர்சிலியா உலர்த்திய சட்டைகளில் எல்லாம் பொடி படியும்.

சூளைகளில் பெரியது மார்சியோவுடையது. அவர் கத்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கண் இமை மயிரெல்லாம் சுண்ணாம்பு படிந்து வெளுத்திருக்கும். பேசும்போது அந்த வெள்ளை இமைகள் மெதுவாக மூடித் திறக்கும். அச்சுக்கூடத்தில் புதுப்படம் காயப்போடும் கொடியில் ஏறிய அன்றைக்கே எப்படியோ தெரிந்துகொண்டு வந்து நிற்பார்.

"ஈரமா இருக்குங்க ஐயா, நாளைக்கு வாங்க" என்பான் வெந்தூரா.

"பரவால்லப்பா. சூளைப் பக்கத்துல வச்சா காஞ்சிரும்."

அவர் கலைக்காக வாங்கவில்லை என்று வெந்தூராவுக்கு உறைக்க மூன்று படம் ஆயிற்று. முதலில் மூன்று தூண் கோயில். வசந்தத்தில் படம் வந்தது, திராட்சை அறுப்புக்குள் தூண் போனது. அடுத்து, ஆற்றோரத்து வட்ட மண்டபம். பிறகு, ஒரு வளைவு. யோஸ் போய் உட்கார்ந்து வரைந்த இடம் எல்லாம், ஒரு வருஷம் திரும்புவதற்குள் குழியாகக் கிடந்தது. எந்தக் கட்டடத்தில் எத்தனை பளிங்கு மிச்சம், எந்தப் பக்கம் வண்டி போகும், எவ்வளவு உயரம் என்று அத்தனையும் படத்தில் இருந்தது. உயரத்தைக் காட்டியது வெந்தூராவின் ஆட்கள்.

"நாம போட்டு வச்சது நல்லதாப் போச்சு பாரு" என்றான் யோஸ். அவனுக்கு வெள்ளை மனசு. "இல்லேன்னா இப்பிடி ஒண்ணு இருந்துச்சுன்னே எவனுக்கும் தெரியாது."

"நாம போடாம இருந்திருந்தா அது இன்னும் அங்கேயே இருந்திருக்கும்டா."

யோஸ் சிரித்தான். வெந்தூரா சிரிக்கவில்லை. மாட்டுத் திடலில் மாடு மேய்க்கிறவர்கள், யோஸ் பலகையோடு வருவதைப் பார்த்தால் இப்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "வந்துட்டான்யா இழவு எழுதுறவன்" என்று ஒருவன் காதுபடவே சொன்னான்.

அந்த வருஷம் தவக்காலம் தொடங்கிய வாரத்தில், யோஸ் ஒரு தகட்டைத் துணி போர்த்திக் கொண்டுவந்து வெந்தூராவின் பலகையில் வைத்தான். முகத்தில் ஒரே பூரிப்பு.

"கண்ணை மூடு."

"மூடினா எப்பிடிடா பார்க்குறது?"

"சரி, தொற."

துணியை எடுத்தான். செம்பில் ஐந்து வளைவுகள். நடுவளைவின் கதவு திறந்திருந்தது. உள்ளே, கரியில்லாமல், பூண்டுச் சரமில்லாமல், தலையில் இலை இலையாகச் செதுக்கின வேலைப்பாட்டோடு, தூண்.

"உன் வீடுதாண்டா" என்றான் யோஸ். "உன் பொண்டாட்டி ஆத்துக்குப் போற நேரமாப் பார்த்து நாலு நாள் போனேன். தூணை லேசாச் சுரண்டிப் பார்த்தேன் பாரு, அசந்துட்டேன். பதினெட்டு வருஷமா இது பக்கத்துல உட்கார்ந்து சூப்பு குடிச்சிருக்கே, ஒரு வார்த்தை சொன்னியாடா?"

வெந்தூரா துணியை எடுத்துத் தகட்டைத் திரும்ப மூடினான். சிநேகிதனை அடிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. பரிசு கொடுக்கிற சந்தோஷத்தோடு நிற்கிறவனை எப்படி அடிப்பது?

நேரே முதலாளியிடம் போனான். "இதை விட்டுரலாம் முதலாளி."

"ஏன், வீடு அழுக்கா இருக்குன்னு வெக்கமா?"

"அதில்ல. மார்சியோ ஐயா கண்ணுல பட்டா..."

"பட்டா ஒண்ணு வாங்குவாரு. போன தடவை ரெண்டு வாங்கினாரு." முதலாளி தன் பெரிய மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மூணு மாச வேலை வெந்தூரா. பாஸ்கா திருநாளுக்கு வர்ற யாத்திரைக்காரனுக்குப் புதுசா என்னத்தைக் காட்டுறது? நீ போடலேன்னா மூட்டைக்குக் கால் முளைச்ச மாதிரி அவனே போடட்டும். படம் என்னவோ வரத்தான் போவுது."

வீட்டில் சொன்னபோது எர்சிலியா யோஸைத் திட்டத் தொடங்கி, வடதேசம் முழுவதையும் திட்டி முடித்தாள். பிறகு அகப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"நோட்டரி வீட்டுச் சட்டை வெளுக்குறேன்ல. அந்த வீட்டம்மா சொல்லியிருக்கா. கல்லெடுக்க அனுமதி எழுதுற சீட்டுல எல்லாம் ஒரு வரி வருமாம். ஆள் குடியிருக்குற இடத்துல கை வைக்கக் கூடாதுன்னு. அதை மீறினா அனுமதியே செல்லாதாம்."

"அதனால?"

"உங்களுக்கு என்ன வேலை குடுத்திருக்காங்க? ஆள் போடுற வேலைதானே. போடுங்க. இங்க இருக்குற அத்தனை பேரையும் போடுங்க. குருடனுக்குக் கூடத் தெரியணும், இது வீடுன்னு."

வெந்தூரா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையான ஆட்களை உட்கார வைத்து வரைந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு. சேதி பரவி மூன்று குடும்பமும் வாசலில் கூடிவிட்டது. இடது வளைவுச் செருப்புத் தைக்கிற பொம்பீலியோ, தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"வீட்டுக்குள்ள தொப்பியா அண்ணே?" என்றான் வெந்தூரா.

"வழுக்கையோட போட்டேன்னு வை, உன் செருப்பு இனிமே ஆணியோடதான் வரும்."

வலது வளைவு தார்க்கீனியாவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள். "குழந்தையைக் கொஞ்சம் சதை வச்சுப் போடு தம்பி. என் மாமியார் பார்த்தா பால் பத்தலைன்னு வருவா."

"அரை விரல் உயரத்துல உங்க மாமியாருக்கு அது குழந்தைன்னு தெரிஞ்சாலே பெருசு."

"அவளுக்குத் தெரியும். எறும்புக்குக் காது குத்தியிருக்கான்னு சொல்றவ அவ."

வெந்தூரா எல்லாரையும் போட்டான். தொப்பியோடு பொம்பீலியோ, அவர் முன்னால் செருப்பு அச்சுகள். தொட்டில். கோழிக் கூடை. வளைவுக்கு வளைவு கட்டிய கொடியில் நோட்டரியின் சட்டைகள். கூரை ஓட்டை வழியாகப் புகை. யோஸ் விட்ட வெற்றிடம் போதாமல், சுவருக்குப் போட்ட கீறலைத் தேய்த்து மழித்து இடம் உண்டாக்கிக்கொண்டான். சுவருக்குப் பின்னால் முதலாளி உட்காரும் மூலை வந்தபோது கீறுளி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அங்கே ஒரு காஞ்சொறிச் செடியைப் போட்டுவிட்டு நகர்ந்தான். அந்த ஒரு தகட்டில் விளையாட்டு வேண்டாம் என்று தோன்றியது.

கடைசியாக, தூணுக்குப் பக்கத்தில், அகப்பையோடு எர்சிலியா. அவளை உட்கார வைத்துப் பார்க்கவே இல்லை. கை தானாக ஓடி முடித்துவிட்டது. அவ்வளவு பழக்கம்.

பாஸ்காவுக்கு முந்தின வாரம் படம் கொடியில் ஏறியது. சக்கைப்போடு போட்டது. இத்தனை ஆள் இத்தனை உயிரோட்டமாக எந்தப் படத்திலும் இல்லை என்று வெளியூர்க்காரர்கள் முண்டியடித்தார்கள். முதலாளி வெந்தூராவின் முதுகில் தட்டினார். மார்சியோ வந்தார். வெகுநேரம் நின்று பார்த்தார். வெள்ளை இமைகள் மூடித் திறந்தன. ஒரு படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் சத்தமில்லை. கோடை பிறந்தது. ஒருநாள் மத்தியானம் அவரே அஞ்சு வளைவுக்கு வந்தார், தனியாக, கையில் ஒரு பாலாடைக்கட்டியோடு. வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்லாமல் இருக்க முடியுமா? எர்சிலியா பன்றிக்கொழுப்பு போட்ட மொச்சை சூப்பை ஒரு கிண்ணம் ஊற்றி வைத்தாள்.

"படத்துல பார்த்தேம்மா உங்களை" என்றார் மார்சியோ. "அப்பிடியே இருக்கீங்க."

"அப்ப இங்க ஆள் இருக்கோம்னு தெரிஞ்சுபோச்சுல்ல ஐயாவுக்கு."

"எனக்கு முன்னாடியே தெரியும்மா. இந்தப் புகையை என் சூளையிலேர்ந்து தினம் பார்க்குறேன்." அவர் ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்தார். "எனக்குத் தெரிஞ்சு என்ன ஆவப்போவுது? முடிவு பண்றவங்க இங்கெல்லாம் வர மாட்டாங்க. படத்தைத்தான் பார்ப்பாங்க."

"பார்க்கட்டுமே. அதுக்குத்தான் போட்டிருக்கு."

"ஆமா. நல்லா போட்டிருக்காரு." அவர் சாய்ந்து உட்கார்ந்தார். முதுகு தூணில் பட்டது. கையைப் பின்னால் கொண்டுபோய், மாட்டின் விலாவைத் தடவிப் பார்க்கிற மாதிரி, மெதுவாகத் தடவினார். விரலில் கரி ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு அகப்பை கிடைக்குமாம்மா?" என்றார்.

எர்சிலியா ஊற்றினாள். அவர் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்து வழித்துச் சாப்பிட்டார். போகும்போது வாசலில் நின்று தொட்டிலில் கிடந்த தார்க்கீனியாவின் குழந்தைக்குக் கன்னத்தில் ஒரு தட்டு. கன்னத்தில் வெள்ளையாகத் தடம் விழுந்தது. தார்க்கீனியா இடுப்புத் துணியால் துடைத்தாள், போகவில்லை, எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

திராட்சை அறுப்பு முடிந்த சமயம், நோட்டரி வீட்டுச் சட்டைகளை வாங்கப் போன எர்சிலியா வெறுங்கையோடு வந்தாள். மார்சியோவுக்கு அனுமதி எழுதியாகிவிட்டது. மூடிக்கிடக்கிற வளைவுகளுக்கு மட்டும் இல்லை, ஐந்துக்குமே. 'ஆள் வாழாத பாழிடம்' என்று எழுதியிருக்கிறதாம்.

"ஆள் வாழாத இடமா?" வெந்தூரா அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். மறுநாள் காலையில், இருந்ததில் நல்ல மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் படத்தில் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு, அனுமதி எழுதுகிற அலுவலகத்துக்குப் போனான்.

அங்கே இருந்த எழுத்தர் சின்ன வயதுக்காரர். வேண்டா வெறுப்பாகத் தலையைத் தூக்கியவர், வெந்தூரா இன்னான் என்று சொன்னதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இந்த ஆளுங்களைப் போடுறது நீங்களா? உட்காருங்க, உட்காருங்க. என்கிட்ட உங்க படம் நாப்பது இருக்கு."

அலமாரியிலிருந்து பெரிய புத்தகம் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து விரித்தார். பக்கத்துக்கு ஒன்றாக, அழகாக ஒட்டி வைத்திருந்தார். வெந்தூரா தன் சங்கதியைச் சொன்னான். அது வீடு, அவர்கள் நிஜமான ஆட்கள், தொப்பிக்காரர் பொம்பீலியோ, குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. எழுத்தர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்தைப் புரட்டினார்.

"இந்தக் கனவான். இவர் நிஜமா?"

"இல்லீங்க."

"இந்தத் தாடிக்காரர்?"

"அது... இல்லீங்க."

"இந்த நாய்?"

வெந்தூரா மேல்சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"பதினோரு படத்துல இருக்கு இந்த நாய். ஒரே நாய், ஒரே மாதிரி காலைத் தூக்கிக்கிட்டு. நான் எண்ணி வச்சிருக்கேன்." அவர் குரலில் கேலி இல்லை. ஆசையாகத்தான் சொன்னார். "முதல் வருஷம் நானும் நம்புனேன். அந்த வட்ட மண்டபத்துல ஆள் குடியிருக்குன்னு அனுமதி மறுத்துட்டேன். அப்புறம் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்த மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு வச்சு, பாம்பு குடியிருக்குடா முட்டாளேன்னு சொன்னாரு. அன்னையிலேர்ந்து உங்க ஆளுங்களை நான் ரசிக்கிறதோட சரி."

"இந்த ஒரு படம் மட்டும் வேறங்க. இது எம் பொண்டாட்டி." வெந்தூரா விரலை வைத்தான். தூணுக்குப் பக்கத்தில், அகப்பையோடு.

எழுத்தர் குனிந்து பார்த்தார். பிறகு, ஏதோ தர்மசங்கடம் வந்தவர் போல, மெதுவாக முன்பக்கங்களுக்குப் போனார். மூன்று தூண் கோயில்: குடத்தோடு எர்சிலியா. ஆற்றோரத்து மண்டபம்: துணிமூட்டையோடு எர்சிலியா. வளைவுக்கு அடியில் எர்சிலியா. அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போனார். வெந்தூராவுக்குத் தன் காது சூடாவது தெரிந்தது. பதினெட்டு வருஷமாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை, முன்பின் தெரியாத ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பதினாலு" என்றார் எழுத்தர். "பதினாலு இடத்துல இருக்காங்க உங்க வீட்டம்மா. இதுல எந்த இடத்துல குடியிருக்காங்கன்னு நான் எழுதட்டும்?"

"நேர்ல வந்து ஒரு தடவை பாருங்கய்யா. பக்கந்தான்."

"இதுக்கு வந்தா மத்த எல்லா மனுவுக்கும் போகணும். போக வேணாம்னுதானே படம்." அவர் புத்தகத்தை மூடினார். "நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலை. கையெழுத்து ஆயிருச்சு. இனிமே மாத்தணும்னா, நான் தப்பா எழுதினேன்னு எழுதணும்." சொல்லிவிட்டு, வாசல்வரை கூடவே வந்தார். "ஒண்ணு கேக்கணும். சுவருக்குப் பின்னாடி குத்தவச்சிருப்பாரே ஒருத்தர், எனக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். இதுல மட்டும் அவரைக் காணோம்?"

"அன்னைக்கு அவருக்கு வயிறு சரியா இருந்துச்சுங்க" என்றான் வெந்தூரா. எழுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். தெருமுனை வரை அந்தச் சிரிப்பு கேட்டது.

வீட்டுக்கு நேரே போகவில்லை. மாட்டுத் திடலை இரண்டு சுற்று சுற்றினான். சொல்லாமலும் இருக்க முடியாது. எர்சிலியா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் முதுகைப் பார்த்தே சொன்னான். எல்லாவற்றையும். நாய் உட்பட.

அவள் திரும்பவில்லை. "பதினாலா?"

"அவருகிட்ட இருக்குறது பதினாலு. மொத்தம் இன்னும் இருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஊர்ல இருக்குற இடிஞ்ச சுவரு பூரா என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கீங்க." குரல் ஏறியது. "உங்க ஆசையை ஒரு படத்தோட நிறுத்தியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு படத்துல, இங்க, இந்த அடுப்படியில நிறுத்தியிருந்தா, நான் இங்க இருக்கேன்னு அவன் நம்பியிருப்பான்ல?"

வெந்தூரா தலைகுனிந்து நின்றான். அவள் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"வச்சிருக்கீங்களா அதெல்லாம்?"

பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஏழெட்டு இருந்தன, ஓரம் கறைபட்ட, சோதனைக்கு அச்சடித்த தாள்கள். அவள் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வேலையை அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இடுப்பு இவ்வளோ பெருசா எனக்கு?"

"குடம் நிக்கணும்ல."

"இதுல கழுத்து நல்லா இருக்கு." அடுத்ததை எடுத்தாள். "இந்த இடம் இப்ப இருக்கா?"

"இல்ல."

"இது?"

"இல்ல."

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. தாள்களை அடுக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இலையுதிர்காலம் முழுவதும் அவர்கள் காத்திருந்தார்கள். பொம்பீலியோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார், தொப்பியும் செருப்பு அச்சுகளுமாக. தார்க்கீனியா மாமியார் வீட்டுக்குப் போனாள். அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. தோல் பதனிடுகிறவர்கள் தெருவில் வெந்தூரா ஓர் அறை பார்த்து வைத்தான். எர்சிலியா அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சட்டை வெளுத்தாள், சூப் வைத்தாள், தூணில் புதுப் பூண்டுச் சரம் கட்டினாள். சூளைப் புகை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே வந்தது போல இருந்தது. உண்மையிலேயே கிட்டே வந்திருந்தது. மார்சியோ திடலின் இந்தப் பக்கத்தில் புதுச்சூளை ஒன்று கட்டிக்கொண்டிருந்தார், வண்டி இழுக்கிற தூரம் குறையட்டும் என்று.

நவம்பரில், புனித மார்ட்டின் திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை, பத்துப்பேர் வந்தார்கள். கடப்பாரை, ஆப்பு, கயிறு, இரண்டு மாட்டுவண்டி. மார்சியோ வரவில்லை. கூட்டத்து மேஸ்திரி கையில் படத்தை விரித்துப் பிடித்து, எந்த வளைவு எது என்று பார்த்துக்கொண்டே வந்தான். நடுவளைவின் வாசலில் எர்சிலியா நின்றாள். அடுப்பு வேலையாக இருந்தவள் அப்படியே எழுந்து வந்திருந்தாள், கையில் அகப்பை.

மேஸ்திரி படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். திரும்பப் படத்தைப் பார்த்தான். அவன் கை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்குமாகப் போய் சிலுவை போட்டது.

"நீங்க யாரும்மா?"

"இந்த வீட்டுக்காரி."

"இங்க ஆள் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"அப்ப நான் யாரு?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான், மற்றவர்கள் சிரிக்கவில்லை. மேஸ்திரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வெந்தூராவின் வயதிருக்கும். கண்ணோரம் எல்லாம் சுண்ணாம்பு தின்று சிவந்திருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றான். "சீட்டுல முத்திரை இருக்கான்னு மட்டும் பார்ப்பேன். இருக்கு. நான் திரும்பிப் போனா நாளைக்கு வேற பத்துப்பேர் வருவான். அவன் உங்ககூடப் பேசிக்கிட்டு நிக்க மாட்டான்."

எர்சிலியா நகரவில்லை. வெந்தூரா உள்ளேயிருந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். பதினெட்டு வருஷம் படத்துக்குள் அவளைத் தனியாகவே நிறுத்தியவன், அவள் பக்கத்தில் ஒருமுறைகூடத் தன்னைப் போட்டுக்கொண்டதில்லை.

"சூப்பு ஆகலை" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

"ஆகட்டும்மா. மேல இருந்துதான் ஆரம்பிக்கணும். நேரமாகும்" என்றான் மேஸ்திரி.

நான்குபேர் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினார்கள். காலடிச் சத்தம் தலைக்குமேல் நடந்தது. யாரோ ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தான். விரிசலிலிருந்து மண் சரசரவென்று உதிர்ந்து அடுப்பைச் சுற்றி விழுந்தது. எர்சிலியா ஓடிப்போய்ப் பானையை மூடினாள். மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே, தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு பூண்டுச் சரத்தை ஆணியிலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பிடிங்க" என்றாள்.

மற்ற சாமான்களுக்கு வெந்தூரா பிறகு வரலாம் என்று மேஸ்திரி சொன்னான். துணியைச் சுற்றி, ஆளுக்கொரு காதாகப் பானையைப் பிடித்துக்கொண்டு, இருவரும் மாட்டுத் திடலில் இறங்கி நடந்தார்கள். மாட்டுக்காரன் ஒருவன் வழியில் படுத்திருந்த பசுவை எழுப்பி ஓரமாகத் தள்ளினான். புதுச்சூளையில் ஏற்கெனவே விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் அதைத் தாண்டியபோது பின்னால் முதல் ஆப்பு இறங்கியது. அப்புறம் இரண்டாவது. அடிக்கு அடி தரை அதிர, பானையின் மூடி கிடுகிடுத்தது. எர்சிலியா நடையை நிறுத்தாமல், சும்மா இருந்த கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.